எண்ணாத ஆட்டம்

கண்டி மலைநாட்டில், தெல்தோட்டைச் சந்தியில் எனக்கு ஒரு கடை. முஸ்லிம் ஆள் என்பதால் ஊரார் என்னை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார்கள். சீனி, மண்ணெண்ணெய், கருவாடு, கயிறு என்று தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு வேண்டியது எல்லாம் இருக்கும். வேண்டாதது என்றால் என் பேச்சுத்தான். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று சொல்லிச் சொல்லியே வாப்பா என்னை வளர்த்தார். அதனாலோ என்னவோ, வாய் திறக்காத மனிதரைக் கண்டால் எனக்கு முதலில் எரிச்சல் வரும். அப்புறம்தான் இரக்கம் வரும். டொக்டர் தியாகராஜா விஷயத்தில் இரண்டும் சேர்ந்தே வந்தன.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஸ்கொட்லாந்தில் படித்துப் பட்டம் வாங்கியவர். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்துநாலாம் ஆண்டு மழைக்காலத்தில், எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். பெட்டிகளோடு ஒரு நீளமான தோல் பையும் லொறியிலிருந்து இறங்கியது. உள்ளே தலை வளைந்த கம்புகள். "இவ்வளவு பெரிசு என்னாத்துக்கு டொக்டர், பல்லுப் பிடுங்கவா?" என்று கேட்டேன். அவர் முகம் சிவந்து, பையைத் தானே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கர்வம் பிடித்த ஆள் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். அது கர்வம் இல்லை, கூச்சம். கூச்சமும் கர்வமும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே முகம்தான்.

ஆஸ்பத்திரிக்கு மேலே தேயிலை நடாத ஒரு புல்குன்று உண்டு. அப்படிப்பட்ட இடத்தைப் பத்தனை என்போம். இடுப்பளவு மானாப்புல், நடுவில் ஒரு ஓடை, உச்சியில் ஒரு மரத்தடியில் தோட்டத்து ஆட்கள் கும்பிடுகிற முனியாண்டிக் கல். டொக்டர் அங்கே சில இடங்களில் புல்லை வெட்டி, சின்னக் குழி தோண்டி, பக்கத்தில் மூங்கில் குச்சி நட்டார். கடைசிக் குழி முனியாண்டிக்குக் கிட்டத்தான். பின்னேரம் வேலை முடிந்ததும் கம்புகளோடு ஏறுவார். ஒரு வெள்ளைப் பந்தைக் கண்காணாத தூரத்துக்கு அடிப்பது, அதைத் தேடிக்கொண்டு போவது, கண்டதும் மறுபடி அடிப்பது. இதற்குப் பெயர் கொல்ஃப் என்றார்கள். கட்டறுத்துக்கொண்டு ஓடிய ஆட்டை நான் கம்போடு தேடிப் போவதும் இதே விளையாட்டுத்தான். அதற்கு மட்டும் யாரும் ஒரு பெயர் வைக்கவில்லை.

முதல் வருஷம் ஹேவாஹெட்டப் பக்கத்துத் துரைமார் இரண்டொருவர் வந்து அவரோடு ஆடினார்கள். அந்த வருஷம்தான் பாலம்மாவின் பிள்ளையும் போனது.

பாலம்மா கொழுந்து பறிக்கிறவள். புருஷன் செத்தபின் அவளுக்கு மிஞ்சியது காளிமுத்து என்ற ஒரே பையன். ஒரு பின்னேரம் அவனுக்குத் தொண்டை அடைத்து மூச்சு இழுத்தது. தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டொக்டர் பத்தனையில் துரைமாரோடு ஆடிக்கொண்டிருந்தார். ஆள் போய்க் கூப்பிட்டு, அவர் கம்பை எறிந்துவிட்டு ஓடி வந்தபோது பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் செய்யக்கூடியது எல்லாம் செய்தார். விடியுமுன் போய்விட்டது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். பாலம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. டொக்டரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பத்தனைப் பக்கமே அவர் போகவில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரி முற்றத்தில் உயரமாக ஒரு கம்பம் நடச் சொன்னார். அவசரமாக யாரையாவது தூக்கிக்கொண்டு வந்தால் அதில் ஒரு வெள்ளைத் துணியை ஏற்ற வேண்டும். மேலே நின்று பார்த்தால் தெரியும், உடனே இறங்கி வரலாம். அதைச் செய்த பிறகுதான் மறுபடி கம்புகளை எடுத்தார். துரைமாரைச் சேர்க்கவில்லை. தனியாக ஏறுவார். பந்துக்கு முன்னால் தலை குனிந்து நிற்பார். அடிப்பார். அடித்ததும் பந்தைப் பார்க்க மாட்டார். திரும்பிக் கம்பத்தைப் பார்ப்பார். பிறகு நடப்பார். கடைசியில் முனியாண்டிக்கு முன்னால் முதுகு வளைத்துக் குழியிலிருந்து பந்தை எடுப்பார்.

இப்போது தோட்டத்து ஆட்களின் கண்ணால் இதைப் பாருங்கள். பிள்ளை செத்த பின், டொக்டர் கம்பம் நடுகிறார். வெள்ளைத் துணி. தினமும் தனியாக மலை ஏறி, யாரோடும் பேசாமல், ஒவ்வொரு இடமாக நின்று தலை குனிந்து, கடைசியில் முனியாண்டிக்கு முன் வளைகிறார். இதை விளையாட்டு என்று எந்தப் பைத்தியக்காரன் சொல்வான்? வேண்டுதல் என்றார்கள். முதலில் சொன்னவள் பாலம்மாதான். "என் புள்ளைக்கு ஆனது இன்னொரு புள்ளைக்கு ஆகக் கூடாதுன்னு அய்யா வேண்டிக்கிட்டு நடக்கிறாரு" என்று கொழுந்து மலையில் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அதுதான் சத்தியம். உண்மையைச் சொன்னால் நானும் நம்பினேன். எங்களிலும் நேர்ச்சை உண்டு. வைத்தவனை நோண்டிக் கேட்கிற பழக்கம் இல்லை.

வேண்டுதலில் இருக்கிறவரை வழியில் மறித்துப் பேசினால் வேண்டுதல் கலைந்துபோகும், கலைத்தவர் தலையில் பாவம் விழும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் டொக்டர் பாதையில் வந்தால் பேச்சு நிற்கும். பெண்கள் கூடையோடு தேயிலைக்குள் ஒதுங்குவார்கள். தாய்மார் பிள்ளைகளின் வாயைப் பொத்துவார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் இல்லை. காணாமல் போன பந்து தேயிலைச் செடிக்கடியில் கிடைத்தால் அவரிடம் கொடுக்க மாட்டார்கள். வேண்டுதல் பொருள் சாமிக்குத்தானே. முனியாண்டிக் கல்லின் காலடியில் கொண்டுபோய் வைப்பார்கள். வருஷங்கள் ஓட ஓட அங்கே பந்துகள் குவிந்தன.

இது ஒரு பக்கம். கண்டிப் பக்கத்தில் வேறு கதை. ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரத் துரை கண்டியிலிருந்து காரில் வந்து என் கடையில் வழி கேட்டார். சோடா ஒன்று உடைத்துக் கொடுத்தேன். தோட்டத்துத் தமிழில் பேசினார்.

"டாக்டர் வீடு எங்கே? அந்த ஆள் எவ்வளவு பெரிய ஆட்டக்காரன், உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தொரை தெரியும்? மருந்து நல்லாக் குடுப்பார்."

துரை சிரித்துவிட்டுக் கதையைச் சொன்னார். டொக்டர் அங்கே படிக்கும்போது பெரிய போட்டி ஒன்றில் கடைசி நாள் வரை முன்னால் நின்றாராம். கிண்ணம் கைக்குள் வந்த மாதிரித்தான். புல்லுக்குள் கிடந்த பந்துக்குப் பக்கத்தில் கம்பை வைத்தபோது பந்து ஒரு மயிரிழை அசைந்ததாம். பார்த்தவர் யாருமில்லை. "பந்து அசைந்தது, ஒன்று என் பேரில் போடுங்கள்" என்று இவரே சொல்லியிருக்கிறார். அந்த ஆட்டத்தில் அடி குறைந்தவருக்குத்தான் வெற்றி, கூடிப்போன அந்த ஒன்றால்தான் தோற்றாராம். அதற்குப் பிறகு போட்டி என்று எதிலும் அவர் ஆடவில்லை. இலங்கையில் அவருக்குச் சமமாக அடிக்க ஆள் இல்லை என்று கண்டிக் கிளப்பில் சொல்கிறார்களாம். பார்த்தவர்களை விடப் பார்க்காதவர்கள்தான் கூடுதலாகச் சொல்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

யாரும் காணாத தப்பைத் தானே போய்ச் சொல்கிற மனிதரா! அந்தப் புத்தியோடு ஒரு கடை நடத்தட்டும் பார்க்கலாம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மதராஸிலிருந்து வருகிற கோஷ்டியோடு ஆட டொக்டரை அழைத்துப்போகத்தான் துரை வந்தது. கொஞ்ச நேரத்தில் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார். டொக்டர் கதவடியில் நின்றே "மன்னிக்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். "உன் பத்தனையை எத்தனை அடியில் முடிக்கிறாய் என்று கேட்டேன். எண்ணுவதில்லை என்கிறான். எண்ணாமல் அடித்தால் அது கொல்ஃபா?" என்று துரை எரிந்து விழுந்து காரில் ஏறினார்.

அந்தக் கிழமையே மண்ணெண்ணெய் கொடுக்கிற சாக்கில் மேலே ஏறி, மரத்தோடு மரமாக நின்று பார்த்தேன். ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று அடித்தார். கம்பு வீசிய சத்தம்கூடக் கேட்கவில்லை. பந்து மேலே போய், மூடுபனிக்குள் மறைந்து, அந்தப் பக்கத்துக் குச்சியடியில் மெல்ல விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாஷா அல்லாஹ் என்று கத்தியிருப்பேன். வேண்டுதல் என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. திரும்பிக் கம்பத்தைப் பார்த்தார். அவ்வளவு அழகான ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, ஒரு மனிதன் அப்படித் தனியாக நிற்கக் கூடாது. பாவமாக இருந்தது.

முப்பத்துமூன்றாம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை, டொக்டர் கடைக்கு வந்தார். பெட்டி கட்டக் கயிறு கேட்டார்.

"பெட்டியா? எங்க டொக்டர் பயணம்?"

"மாற்றம் கேட்டிருந்தன். கிடைச்சிட்டுது. சனிக்கிழமை போறன்."

என் கையிலிருந்த கயிறு அப்படியே நின்றது. "நீங்களாக் கேட்டீங்களா? ஏன்? எங்கட ஊரு என்னா செஞ்சது உங்களுக்கு?"

அவர் கதிரையில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் என் கடையில் அவர் உட்கார்ந்தது அன்றுதான்.

"ஊர் ஒண்டும் செய்யேல்லை, நானா. நான் செய்தன். பாலம்மாவின்ர பிள்ளை சாகக் கிடக்கேக்கை நான் மேல பந்தடிச்சுக்கொண்டு நிண்டன். சனம் அதை மறக்கேல்லை. ஒன்பது வருஷம், பாதையில ஒருத்தரும் என்னோட கதைக்கிறேல்லை. என்னைக் கண்டால் ஒதுங்குகினம். பிள்ளையளின்ர வாயைப் பொத்துகினம். என்ர பந்துகளை எடுத்து அந்தக் கல்லுக்கு முன்னால குவிச்சு வைச்சிருக்கினம். இதுதான் பிள்ளையைச் சாகடிச்சது எண்டு சாமியிட்டச் சொல்லுகினம். எனக்கு விளங்கும். அவையில பிழை இல்லை. ஆனா இனி ஏலாது."

"யா அல்லாஹ்! டொக்டர், அது கோவமில்ல, மரியாதை! நீங்க நேர்ச்சையில இரிக்கிறீங்க எண்டு அவங்க நம்புறாங்க. பேசினா கலஞ்சிடும் எண்டு பயம்!" என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "நீங்கள் நல்ல மனுசன், நானா. ஆறுதலுக்குச் சொல்லுறியள்" என்றார். நாலு காசுக்காக நாலு பேரிடம் இனிக்கப் பேசுகிற வாய் இது. உண்மையைச் சொன்ன நாளில் அது செல்லுபடியாகவில்லை.

அன்றிரவு சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் ஊருக்கு வைத்தியம் பார்த்த மனிதர், ஊரே தன்னை வெறுக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவதா? மறுநாள் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு ஏறினேன். பாலம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"பாலம்மா, டொக்டர் நாளைக்குப் போறாரு. நீங்க ஒரு தரம் அவரோட பேசணும்."

"அய்யோ, நானா! வேண்டுதல் கலைஞ்சிருமே!"

"வேண்டுதல் இல்ல, பாலம்மா. அது ஒரு விளையாட்டு. வெள்ளைக்காரங்க விளையாட்டு."

சொன்ன பிறகுதான் நான் செய்ததன் பாரம் எனக்குத் தெரிந்தது. அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அணைந்துபோனது. அந்தப் பிள்ளையை உலகத்தில் நினைப்பவர் இரண்டே பேர், ஒன்று தான், மற்றது டொக்டர் அய்யா என்று நம்பி அவள் இவ்வளவு காலத்தை ஓட்டியிருக்கிறாள். ஒருத்தரைக் காப்பாற்றப் போய் இன்னொருத்தர் கையிலிருந்ததைப் பிடுங்கிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் மற்றவர்கள்தான் கெடுகிறார்கள்.

"வெளாட்டா?" என்றாள். "என் புள்ள செத்த மறுமாசத்திலேர்ந்து தெனமும் வெளாடுனாரா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாங்க நானா. அய்யாகிட்டயே கேப்போம். அந்த மனுசன் பொய் சொல்ல மாட்டாரு."

பத்தனையில் அவர் கடைசிக் குழிக்கு ஆடிக்கொண்டிருந்தார். தலை குனிந்து பந்துக்கு முன் நின்றார். பாலம்மா நேரே நடந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

"அய்யா."

டொக்டரின் கம்பு தரையில் நின்றுவிட்டது. அந்தப் பத்தனையில் ஒன்பது வருஷத்தில் அவரைக் கூப்பிட்ட முதல் குரல் அது.

"அய்யா, நீங்க இங்க வந்து நடக்கிறது வேண்டுதலா, வெளாட்டா? எனக்கு மட்டும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். முந்திய நாள் நான் சொன்னது உண்மைதான் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்கும். ஒரு சொல் போதும். வேண்டுதல் என்று சொன்னால் அவளுக்கும் ஆறுதல், அவருக்கும் மன்னிப்பு. சொல்லுங்கள், சொல்லிவிடுங்கள் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"விளையாட்டு, அம்மா" என்றார்.

அவரை அந்தக் கம்பாலேயே அடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. ஒரு பொய்யில் என்ன குடி முழுகிவிடும்? பாலம்மா தலையைக் குனிந்தாள். திரும்பக் காலெடுத்தாள்.

"பொறுங்கோ, அம்மா" என்றார் டொக்டர். "இந்த விளையாட்டில எத்தினை அடி எண்டு எண்ண வேணும். அதுதான் விளையாட்டே. காளிமுத்து போன நாளில இருந்து நான் எண்ணினதில்லை. ஒரு நாளும் இல்லை. எண்ணத் தொடங்கினால் அவனை மறந்திடுவன் எண்டு பயம். இதுக்கு என்ன பேர் எண்டு எனக்குத் தெரியாது."

அந்தப் பெயர். பெற்றவள் தவிர யாரும் சொல்லாத அந்தப் பெயரை அவர் சொன்னார். பாலம்மா அப்படியே புல்லில் உட்கார்ந்து, வாய் விட்டு அழுதாள். பிள்ளை போன அன்று ஆஸ்பத்திரியிலும் அவள் அப்படி அழுததில்லை என்று பிறகு சொன்னார்கள். டொக்டர் கம்பைக் கீழே போட்டுவிட்டு, அவளுக்கு எதிரே தானும் உட்கார்ந்தார்.

கடைசியில் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்: "சாப்பிட்டீங்களாய்யா?"

"இன்னும் இல்லை" என்றார்.

மாற்றத்தை நிறுத்த வழியில்லை. புது டொக்டர் கண்டிக்கு வந்துவிட்டார். சனிக்கிழமை காலையில் நானும் சாமான் எடுக்கக் கண்டிக்குப் போக வேண்டியிருந்ததால் அதே காரில் ஏறினேன். செய்தி லயம் லயமாகப் பரவியிருந்தது. முதல் வளைவிலேயே கொழுந்துக்காரிகள் தேயிலைக்குள்ளிருந்து பாதைக்கு இறங்கி நின்றார்கள். கார் நின்றது.

"அய்யா, நீங்க குடுத்த எண்ணெய்ல கால் நல்லாயிருச்சுங்க."

"அய்யா, நீங்க எடுத்த புள்ள இப்ப பள்ளிக்கூடம் போகுதுங்க."

"அய்யா, எங்கப்பா சாகும்போது உங்களைத்தான் சொன்னாரு."

அடுத்த வளைவிலும் நின்றோம். அதற்கடுத்ததிலும். ஒன்பது வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததை எல்லாம் அந்த ஒரு காலையில் கொட்டினார்கள். டொக்டர் "ஓம்... ஓம்..." என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. பாலம்மா சந்திக்கு வரவில்லை. அவள் காலையிலேயே பத்தனைக்கு ஏறிவிட்டாளாம்.

கண்டி ஸ்டேஷனுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரயில் புறப்பட நின்றது. பெட்டியை ஏற்றினேன். கம்புப் பையைக் காணவில்லை. கேட்டேன்.

"முனியாண்டியிட்ட விட்டிட்டன்" என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிறகு அவராகவே பேசினார்.

"நானா, அவை கதைக்கேல்லை, கதைக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டே இருந்தன். அந்தப் பாதையால எத்தினை தரம் போயிருப்பன். நான் ஒருக்கா நிண்டு, 'பாலம்மா, எப்பிடி இருக்கிறியள்' எண்டு கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. அதை ஒருத்தரும் காணேல்லை. எண்டாலும் பிழை பிழைதான்."

விசில் ஊதியது.

"இதில ஒண்டு என்ர பேரில போடுங்கோ" என்றார்.

ரயில் கடுகண்ணாவைப் பக்கம் நகர்ந்தது. வாயுள்ள பிள்ளையாகப் பிறந்த நான் மேடையில் நின்றேன். எங்கள் பேரில் எத்தனை போடுவது என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.